மீட்டர் இருட்டா? புதுப்பேட்டைக்கு ஒரு ரவுண்டு!

ராத்திரி நேரம். ஈ.சி.ஆர். ரோடு. நாலு ஃப்ரெண்ட்ஸ், அதுல ஒருத்தரோட அப்பா கார். ஹெட்லைட் பளிச்னு எரியுது, ஆனா டேஷ்போர்டு மட்டும் கும்மிருட்டு. ஸ்பீடு எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு... ஒண்ணும் தெரியலை. உடனே பின்சீட் நிபுணர் தீர்ப்பு சொல்வார் பாருங்க: "மீட்டர் அவுட் மச்சி. புதுப்பேட்டையில பழசு வாங்கி மாட்டிடலாம்!"

மாட்டலாம்தான். அதுக்கு முன்னாடி வண்டியை ஓரங்கட்டிட்டு, பின்னாடி போய்ப் பாருங்க. பல கார்கள்ல மீட்டருக்குள்ள எரியற வெளிச்சத்துக்கும் பின்பக்க சிவப்பு லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ். அது போனா ரெண்டும் சேர்ந்து போகும். ஹெட்லைட்டுக்குத் தனி ஃபியூஸ்ங்கறதால நீங்க பாட்டுக்கு ஓட்டிட்டு இருப்பீங்க. பின்னால வர்ற லாரிக்கு உங்க கார் இருக்கறதே தெரியாது! 'பிரேக் லைட் எரியுதே'ன்னு ஏமாந்துடாதீங்க, அதோட லைன் வேற.

ஃபியூஸ் மாத்தினா அதே ஆம்பியர்தான் போடணும். சிவப்பு 10, நீலம் 15. சிகரெட் பாக்கெட் ஜிகினா பேப்பரைச் சுத்தி வைக்கிற வித்தையெல்லாம் வேண்டாம், வயர் பத்திக்கும். புதுசும் உடனே போச்சுன்னா எங்கேயோ ஷார்ட், எலெக்ட்ரீஷியன்கிட்ட விடுங்க. ஃபியூஸ் நல்லா இருந்தா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரை யாராவது திருகி வச்சிருக்காங்களான்னு பாருங்க. (பின்சீட் நிபுணர் மேலயே சந்தேகப்படலாம்!) வெளிச்சத்தோட முள்ளும் செத்துக் கிடந்தா, மீட்டரோட ஃபியூஸ், பின்னாடி கப்ளர், எர்த் வயர்... இந்த மூணையும் பார்க்கணும். தட்டினா உயிர் வருதா? அப்ப லூஸ் கனெக்‌ஷன், இல்லைன்னா சால்டரிங் விட்டிருக்கு.

இவ்வளவுக்கும் மசியலைன்னா, வாங்க புதுப்பேட்டைக்கு. எழும்பூர் ஸ்டேஷன்ல இறங்கி ஆதித்தனார் சாலை பக்கம் நடந்தா, கூவத்துக்கு இந்தக் கரை புதுப்பேட்டை, அந்தக் கரை சிந்தாதிரிப்பேட்டை. 2006-ல செல்வராகவன் படம் வந்ததுலேர்ந்து பேரைக் கேட்டாலே 'அரிவாளா?'ன்னு மிரள்றவங்க உண்டு. நிஜத்துல உங்களை வரவேற்கிறது ஆயில் வாசனைதான். மண்ணே கறுப்பு. சுவர்ல கதவுகள் சாத்தி வச்சிருக்கும், வாசல்ல கியர்பாக்ஸ் குவிஞ்சிருக்கும். தொட்டி மாதிரி இருக்கிற கடைக்குள்ள ஒருத்தர் உங்க காரோட மாடல், வருஷம் கேட்பார். கேட்டுட்டு, குவியல்ல கையை விட்டு சரியான மீட்டரை உருவுவார். எந்த கம்ப்யூட்டர்ல தேடினார்னு கேட்காதீங்க.

உங்க பழைய மீட்டரைக் கையோட எடுத்துட்டுப் போங்க. ஒரே மாடல் கார்லயே வேரியன்ட்டுக்கு வேரியன்ட் கப்ளர் மாறும், பக்கத்துல வச்சு ஒப்பிட்டாதான் தெரியும். பேட்டரியில கொடுத்து எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்க. பில் கேளுங்க.

இன்னொண்ணு. அந்த மீட்டர்ல இருக்கிற கிலோமீட்டர் வேற ஏதோ காரோடது. உங்க கார் 90,000 ஓடியிருக்கும், மீட்டர் 40,000 காட்டும். சந்தோஷப்படாதீங்க சார்! ஆயில் மாத்தறது, டைமிங் பெல்ட் மாத்தறது எல்லாம் அந்தக் கணக்குலதான். நாளைக்கு வண்டியை விக்கும்போது வாங்கறவர்கிட்ட சொல்லியாகணும். மாத்தின தேதி, பழைய மீட்டர் ரீடிங், புதுசோட ரீடிங் மூணையும் சர்வீஸ் புக்ல எழுதி, பில்லை அதுலயே ஒட்டிடுங்க.

பழைய மீட்டரை சும்மா கொடுத்துட்டு வந்துடாதீங்க. அதோட கண்ணாடிக்கும் முள்ளுக்கும் அங்க ஒரு விலை உண்டு. பேசிக் கழிச்சுக்கோங்க.