ஒரு உழக்கு மொச்சைக் கடன்

பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்ததும் பத்துப் பதினைந்து வண்டுகள் என் கையில் ஏறின. ஒவ்வொரு மொச்சையிலும் துளை போட்டு எடுத்தாற்போல் வட்டமாய் ஓர் ஓட்டை. பையின் அடியில் மாவு. டி.கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் ஓர் அப்பத்தா, மாசி மாதக் கடைசியில் உழக்கு நிறைய அளந்து கொடுத்த விதை அது. மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆடியில் ஊன்றி, அடுத்த மாசியில் இரண்டு உழக்காகத் திருப்பித் தருவதாகப் பேச்சு. நான் அதை அடுக்களைப் பரணில் போட்டேன். ஐந்து மாதம் அப்படியே மறந்தும் போனேன்.

கடன்காரன் வீட்டுக்கு யாரும் ஆசையோடு போவதில்லை. ஆனாலும் ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். திருமங்கலம் தாண்டியதும் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு ஜன்னல் வழியே வந்தது. இருபுறமும் வெறுங்காடு. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது இந்தப் பக்கத்தில் கிணறும் கால்வாயும் உள்ளவர்களுக்கான பேச்சு. மானாவாரிக் கரிசலில் புரட்டாசி மேகம் கூடும்வரை விதை வீட்டுக்குள்தான் இருந்தாக வேண்டும். அறுவடை முடிந்த மாசியிலிருந்து புரட்டாசி வரை ஏழு மாதம். அதில் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் மதுரைச் சமவெளி கொதிக்கிற மாதங்கள். அந்த ஏழு மாதமும் விதையை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று பார்க்கத்தான் நான் போனது.

அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து சுளகில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். நான் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“எதுல தம்பி கட்டி வச்சிருந்த?”

“பிளாஸ்டிக் கவருல.”

“வெயில்ல போட்டியா?”

“நீங்க காய வச்சுத்தானே அப்பத்தா குடுத்தீங்க?”

“நான் காய வச்சது மாசியில. அதுக்கப்புறம் அமாவாசைக்கு அமாவாசை யாரு போடுறது? பரண்ல ஏத்திட்டு மறந்துட்டா வண்டு மறந்துருமா?”

விதையை அமாவாசையில் காயப்போடுவது பல ஊர்களிலும் உள்ள வழக்கம். அந்த நாளுக்கு ஏதோ மகிமை என்றுதான் நான் நினைத்திருந்தேன். விஷயம் வேறு. பயறு வண்டு காட்டிலேயே காயின் மேல் முட்டை இட்டுவிடும். அதிலிருந்து வரும் புழு பருப்பைத் துளைத்து உள்ளே போய், தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வர ஏறத்தாழ ஒரு மாதம். வெளியே வந்த வண்டு மறுபடி முட்டையிடும். மாதம் ஒரு தடவை களத்தில் கொட்டிப் பரப்பிப் புடைத்தால் அந்தச் சுற்று அறுந்துபோகிறது. காலண்டர் இல்லாத வீட்டிலும் அமாவாசை தெரியும். ஆகவே அமாவாசை.

மறுநாள் காலை ஏழரை மணிக்குக் களத்தில் சாக்கை விரித்தார்கள். மொச்சை, தட்டைப்பயறு, துவரை மூன்றும் தனித்தனியாகப் பரவின. பதினொன்றரை மணிக்கு வெயில் ஏறியதும் மருமகள் வந்து அத்தனையையும் அள்ளி நிழலுக்குக் கொண்டுபோனார்.

“இன்னும் நல்லாக் காயட்டுமே?” என்றேன்.

“உச்சி வெயில் சாப்பாட்டுப் பருப்புக்குண்ணே. விதைக்கு ஆகாது, முளை வெந்துரும்,” என்றார். மூன்று மணிக்கு மேல் மறுபடி பரப்பினார்கள்.

சாயங்காலம் அப்பத்தா ஒரு மொச்சையை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார். ‘டக்’கென்று உடைந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார். காய்ந்தது இரண்டாகத் தெறிக்கும். ஈரம் இருந்தால் பல் பதியும். களத்தின் ஓரத்தில் கிடந்த ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், பல் பதிந்தது. “அந்தச் சாக்கு நாளைக்கும் காயணும்,” என்று மருமகளிடம் சொல்லிவிட்டார். விதையில் ஈரம் அளக்கக் கருவிகள் இருக்கின்றன. இந்த வீட்டில் அந்த வேலையைப் பல் பார்த்துக்கொள்கிறது.

பல்லுக்குப் பின்னால் பெரிய கணக்கு ஒன்று உண்டு. ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதையியலாளர் சொன்ன விதி அது. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரு மடங்காகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. குளிர்நாட்டுக்காரர்கள் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டார்கள். வடதுருவத்தை ஒட்டிய நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், உறைந்த மலையைக் குடைந்து 2008-இல் உலக விதைப் பெட்டகத்தைத் திறந்தார்கள். அங்கே மைனஸ் 18 பாகையில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் தூங்குகின்றன. நம் நாட்டிலும் லடாக்கின் சாங்லா கணவாயில், 17,000 அடிக்கு மேல், 2010-இல் ஒரு விதைக் கிடங்கு அமைந்தது. அங்கெல்லாம் மலையே குளிர்பெட்டி.

சித்திரையில் 40 பாகையைத் தாண்டுகிற மதுரையில் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. மிச்சம் இருப்பது முதல் வழி. அறுத்த கையோடு 14 சதவீதம் ஈரம் இருக்கிற பயறை 9-க்கு இறக்கினால், இரண்டு இரண்டாகப் பெருக்கி ஐந்து படி, அதாவது 32 மடங்கு ஆயுள். அதை இறக்கித் தருவது யார்? விதையைக் கொல்லும் என்று நாம் பயப்படும் அதே வெயில். காலையில் கூப்பிட்டு, உச்சியில் அனுப்பிவிட்டு, மூன்று மணிக்கு மறுபடி கூப்பிட்டுக்கொள்ளத் தெரிந்திருந்தால் போதும்.

வெயில் இறக்கிய ஈரம் திரும்ப ஏறாமல் பார்ப்பது அடுத்த வேலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும். விதை அதைக் குடித்துவிடும். அடுத்த வருசத்துக்கு என்று ஒதுக்கிய விதைக்கு அதுதான் கண்டம். முன்பு அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் கதிர்களைத் தொங்கவிடுவார்கள். மூன்று வேளைப் புகையும் சூடும் ஈரத்தையும் பூச்சியையும் சேர்த்தே விரட்டின. காஸ் அடுப்பு வந்ததும் அடுக்களையில் புகை போனது, கயிறும் போனது. அப்பத்தா பின்வாசலில் வெந்நீர் போட ஒரு விறகடுப்பை விடாமல் வைத்திருக்கிறார். அதற்கு மேலே கூரைச் சட்டத்தில் கரி பிடித்த இரண்டு கொத்துச் சோளக்கதிர், நாலைந்து கொத்துக் குதிரைவாலி, கயிற்றில் ஒரு சுரைக்குடுக்கை. குடுக்கைக்குள் என்ன என்று கேட்டேன். குலுக்கிக் காட்டினார்: கத்தரி விதை, சாம்பல் போட்டது. சாம்பல் விதைக்கு இடையில் உள்ள சந்துகளை அடைத்துவிடும்; அதில் ஊர்ந்துபோகிற பூச்சியின் மேல்தோல் மெழுகைத் தேய்த்து, அதை வற்ற வைத்துவிடும். குடுக்கையின் வாய் சாணியால் மெழுகி அடைத்திருந்தது.

துவரைக்கு வைத்தியம் வேறு: செம்மண் கட்டுதல். கரிசல் ஊரில் செம்மண் கிடைக்காது. பேரன் பக்கத்து ஊருக்குப் போய் மோட்டார் சைக்கிளில் ஒரு சாக்கு கொண்டுவந்திருந்தான். அப்பத்தா அதைச் சலித்துத் தண்ணீர்விட்டுக் கூழாகக் கரைத்து, துவரையைப் போட்டுப் புரட்டி, களத்தில் ஒட்டாமல் உதிர்த்துவிட்டார். நிறம் மாறிய துவரை செங்கல் உடைத்துப் போட்ட மாதிரி கிடந்தது. மண் ஓடு போர்த்திய விதைமேல் வண்டு முட்டையை ஒட்ட முடியாது. உள்ளே இருக்கிற முட்டைக்கும் மூச்சு முட்டும். நான் கை வைத்த துவரை மட்டும் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது. “தண்ணி கூடிப்போச்சு,” என்று சொல்லிவிட்டு அதைச் சாப்பாட்டுப் பக்கம் ஒதுக்கினார்.

காய வைப்பதெல்லாம் பிந்திய கதை. விதை காட்டிலேயே தேர்வாகிவிடுகிறது. குதிரைவாலி அறுப்புக்கு முன்னால் அப்பத்தா காட்டுக்குள் தனியாகப் போவாராம். வரப்போரம் நிற்கிற கதிரைத் தொடமாட்டார். பக்கத்துக் காட்டு விதை கலந்திருக்கும். நடுக்காட்டில், ஒரே சமயத்தில் முற்றிய, மணி நெருங்கிய கதிர்களை மட்டும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு வருவார். ஏக்கருக்கு நாலைந்து கிலோ விதை போதும் என்பதால் இரண்டு நடை போனால் வேலை முடிந்தது. பேரன் விதைப்பது ஒத்தக்கடையில் உள்ள மதுரை வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட எம்.டி.யூ.1 ரகம். “அது நல்லாத்தான் வெளையுது. ஆனா மழை ஏமாத்துற வருசம் என்னோடதுதான் நிக்கும்,” என்றார் அப்பத்தா. பேரன் மறுக்கவில்லை. இரண்டையும் காட்டில் வைத்திருக்கிறான். மக்காச்சோளத்துக்கு மட்டும் வருசா வருசம் கடைக்குப் போகிறான். அது வீரிய ஒட்டு. எடுத்து வைத்து விதைத்தால் தாயைப் போலப் பிள்ளை வராது.

சாயங்காலம் ஈரச்சாக்கு ஒன்றைப் பிரித்தார். நாலு நாளைக்கு முன் நூறு தட்டைப்பயறை எண்ணிப் பத்துப் பத்தாக வரிசை வைத்துச் சுருட்டிய சாக்கு. வெள்ளை முளைகள் கொக்கி போல வளைந்திருந்தன. நான் எண்ணினேன், 91. சான்று பெற்ற பயறு விதைக்கு அரசு கேட்கும் முளைப்பு 75 சதவீதம்தான் என்றேன். “அப்ப நமக்குப் பரிசு குடுப்பாங்களா?” என்று சிரித்தார்.

இந்தச் சோதனையை ஊரே சேர்ந்து செய்கிற நாளும் உண்டு, முளைப்பாரி. வீட்டுக்கு ஒரு கை தானியம் வாங்கி, இருட்டறையில் வைத்து முளைக்கவிட்டு, தலையில் சுமந்து ஊர்வலம் போய்க் கண்மாயில் கரைப்பார்கள். மீனாட்சி கோயிலிலும் ஆடியில் முளைக்கொட்டு விழா நடக்கிறது. பக்திதான். ஆனாலும் விதைப்புக்கு முன்னால் அந்த வருச விதையின் லட்சணம் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. பாரி வளர்ந்தவர்களிடம் மற்றவர்கள் விதை கேட்டுப் போவார்கள்.

கேட்டால் கொடுப்பார்கள், திரும்ப இரட்டிப்பாகத் தர வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவிலும் இதே கணக்குதான். 2 கிலோ பாரம்பரிய நெல் வாங்கியவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் தருவார். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரோடு நடந்தவர் அவர். 174 நெல் ரகங்களை மீட்டுவிட்டு 2018-இல் காலமானார். உழவர் தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் 2001-இல் வந்த பயிர் ரகச் சட்டம் உரிமை தருகிறது. வணிகப் பெயர் பொறித்து விற்கத்தான் தடை. அப்பத்தாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அதற்கு முந்தியே செய்துகொண்டிருந்ததைத்தான் இப்போதும் செய்கிறார்.

மைனஸ் 18 பாகையிலும் கணக்கு இதுதான். சிரியாவில் அலெப்போ நகருக்கு அருகே இருந்த விதை வங்கி போரில் கைவிட்டுப் போனதும், அதை நடத்திய ஆய்வு மையம் ஸ்வால்பார்டில் வைத்திருந்த தன் விதைகளை 2015-இல் திரும்ப வாங்கியது. மொராக்கோவிலும் லெபனானிலும் விதைத்துப் பெருக்கி, 2017-இல் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தது. பனிமலைக்குள் வைத்தாலும் விதையை என்றாவது எடுத்து மண்ணில் போட்டுத்தான் ஆக வேண்டும். அங்கே பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை. நம் சமவெளியில் ஒன்றிரண்டு வருசத்துக்கு ஒருமுறை. வெயில் கொடுக்கிற தவணை அவ்வளவுதான்.

கிளம்பும்போது அப்பத்தா உழக்கை எடுத்தார். தலைதட்டி அளந்து, நொச்சி இலை இரண்டைச் சேர்த்துத் துணியில் முடிந்து கொடுத்தார்.

“பழைய பாக்கி ரெண்டு, இது ரெண்டு. நாலு உழக்கு.”

“சரி அப்பத்தா.”

“முழுசையும் நீயே வச்சுக்காத. பாதிய யாருக்காச்சும் குடு. ஒரே வீட்டுல இருந்தா ஒரே வண்டுக்குப் போயிரும்.”

அந்த வாரமே பாதியை எங்கள் எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். இரண்டு வீட்டு மாடியிலும் கொடி ஏறியது. ஐப்பசி முழுக்க இலையைத் தவிர ஒன்றும் காணோம். நாட்டு மொச்சை பகல் குறுகினால்தான் பூக்கும். இப்போது கார்த்திகை முடிகிறது, விடியலில் போர்வை தேடுகிற அளவுக்குக் குளிர். என் கொடியின் முதல் பூங்கொத்தில் அசுவினி அப்பிக் கருத்துக் கிடக்கிறது. வேப்பெண்ணெய் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டுக் கொடி டிவி கேபிள் வழியாகத் தண்ணீர்த் தொட்டி வரை ஏறி, கொத்துக் கொத்தாய்ப் பூத்திருக்கிறது. மாசியில் டி.கல்லுப்பட்டிக்கு நான் கொண்டுபோக வேண்டிய நாலு உழக்கு, நிலவரத்தைப் பார்த்தால், அங்கிருந்துதான் வரும்போல.