ஒன்பதாம் வகுப்பு ‘சி’ பிரிவு

நம்மூர்ப் பள்ளிகளில் யாரும் அதிகம் பேசாத வகுப்பு ஒன்பதாம் வகுப்பு. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பொதுத்தேர்வு இருக்கிறது. வீடே அதைப் பற்றித்தான் பேசும். எட்டு வரைக்கும் யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் பெற்றோருக்குக் கவலை இல்லை. நடுவில் நிற்கும் ஒன்பதைப் பற்றிக் கேட்டால், “அது சும்மா ஒரு வருசம் டீச்சர்” என்பார்கள். அந்தச் சும்மா வருசத்துக்குத்தான் நான் பல ஆண்டுகள் வகுப்பாசிரியையாக இருந்தேன். காவிரிக் கடைமடையில், ஒரு தாலுகா ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளி. பள்ளிக்கூட வாழ்க்கை என்று ஒன்று உண்டென்றால் அது ஒன்பதாம் வகுப்பில்தான் முழுசாக நடக்கிறது என்பது என் எண்ணம்.

சுற்றுப்பட்டு ஊர்களில் இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகள் எட்டோடு முடிந்துவிடும். ஜூன் மாதம் அந்தப் பிள்ளைகள் டி.சி.யும் கையுமாக எங்கள் பள்ளிக்கு வருவார்கள். அதுவரை அவர்கள் படித்தது, தலைமையாசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் தாத்தாவையும் தெரிந்திருக்கிற பள்ளி. இங்கே ஏ, பி, சி என்று பிரிவுகள், பாடத்துக்கு ஒரு ஆசிரியர், மணியடித்தால் ஆள் மாறும். முதல் வாரம் ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பெயரைக் கேட்டால் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் வருவதற்குள் இரண்டு பாடவேளை போய்விடும். தாமதமாக வந்து வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்கவும் தயங்கும் பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது?

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று அணி பிரிக்கும்போது அந்த ஊர் பெஞ்சுகள் கலையும். முகம் வாடும், ஒரு மாதத்தில் சரியாகிவிடும். அதற்கப்புறம்தான் வகுப்பு வகுப்பாகும்.

காலை வழிபாட்டுக் கூட்டம் எங்கள் பள்ளியில் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பின் தலையில்தான் விழும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் காலையிலேயே சிறப்பு வகுப்பு. கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குரல் எட்டாது. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். செய்தி வாசிக்கும் முறை ஒரு வாரம் ஒரு பெண்ணுக்கு வந்தது. வகுப்பில் வாயே திறக்காதவள். டெல்லிச் செய்தி, சென்னைச் செய்தி எல்லாம் வாசித்தாள். வழக்கம்போல வரிசையில் ஒரு சலசலப்பு. கடைசியில், தானாக ஒரு வரி சேர்த்தாள்: “மேட்டூர் அணையின் இன்றைய நீர்மட்டம்…” மைதானம் அமைதியாகிவிட்டது. சத்துணவுக் கூடத்துப் படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆயா கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஆசிரியர்களில் பாதிப் பேர் வீட்டில் நிலம் உள்ளவர்கள். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பதும், ஜூன் 12 அன்று திறந்தால்தான் குறுவைக்கு ஆகும் என்பதும், திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் பல நாள் ஆகும் என்பதும் அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். “யாரும் சொல்லலை டீச்சர். அப்பா டீக்கடையில பேப்பரை எடுத்தா மொதல்ல அதைத்தான் பார்ப்பாங்க” என்றாள். மறுநாள் உடற்கல்வி ஆசிரியர் அவளை வழியில் நிறுத்தி, “என்னம்மா, இன்னிக்கு மேட்டூர் எவ்வளவு?” என்று கேட்டார். அந்த வாரத்தில் அவள் நடையே மாறிப்போனதை நான் பார்த்தேன். அவள் முறை முடிந்த பிறகும் செய்தி வாசிக்கிற யாரும் மேட்டூரை விடவில்லை. ஒரு பையன் உளுந்து விலையைச் சேர்த்தான். தன் வீட்டில் பேசுகிற பேச்சுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவது சின்ன விஷயம் இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை கரும்பலகைக்கு. கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துப் பூசினால் பலகை திங்கட்கிழமை புதுசாக இருக்கும். எந்த வேலியில் கோவைக்கொடி படர்ந்திருக்கிறது, யார் வீட்டுக் கரி மெழுகு மாதிரி இழையும் என்பதெல்லாம் கடைசி பெஞ்சுக்குத்தான் தெரியும். கணக்கில் தடுமாறும் பையன் அன்றைக்கு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான்: “தண்ணி அதிகமா ஊத்தாத, வழியும்.” இப்போது பலகைகள் மாறிவிட்டன. அந்த வேலை போனதில் எனக்கு வருத்தமில்லை. அதற்குப் பதிலாக அந்தப் பையனுக்கு வேறு எதுவும் தரப்படவில்லை என்பதுதான் வருத்தம்.

ஆய்வகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிற்றூர்ப் பள்ளிகளில் ஆய்வகம் என்றால் பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைத் தேர்வுக்குத் திறக்கிற அறை. நான் சாவியைக் கேட்டு வாங்கி ஒன்பதாம் வகுப்பை உள்ளே கூட்டிப்போவேன். வெங்காயத்தின் உள்தோலை மெல்ல உரித்து, சாஃப்ரனின் சாயத்தை ஒரு சொட்டு விட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் காட்டுவது. பார்ப்பதற்குச் சுலபம், தோலை மடங்காமல் உரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கண்ணை வைத்தார்கள். கொத்தனார் வீட்டுப் பையன் ஒருவன் ரொம்ப நேரம் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: “செங்கல் அடுக்கினாப்ல இருக்கு டீச்சர். ஒண்ணு மேல ஒண்ணு நேரா வைக்கலை, மாத்தி மாத்தி வச்சிருக்கு. இணைப்பு விட்டுப்போகாம இருக்க அப்படித்தான் வைக்கணும்.” செல்சுவரைப் பற்றி அதுவரை நான் எடுத்த எந்தப் பாடமும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

இதையெல்லாம் ‘பாடத்துக்கு வெளியே உள்ளவை’ என்று ஒதுக்கிவைக்கும்போது எனக்கு ஆறாது. காரணம் அந்தப் பிள்ளைகளின் வயது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அது 6 வயது முதல் 14 வயது வரைக்கும்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தமோ, 14 வயது நிறைந்தவர்களை அபாயகரமான தொழில்களில் மட்டும்தான் சேர்க்கக் கூடாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு வயது 14. பள்ளியில் இருந்தே தீர வேண்டும் என்ற சட்டம் கைவிடுவதும், வேலைக்குப் போகலாம் என்று வாசல் திறப்பதும் ஒரே வருசத்தில்.

அரசு செய்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. 1956-இல் காமராஜர் காலத்தில் மதிய உணவாக விரிந்து, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக வளர்ந்த திட்டம் இன்று பத்தாம் வகுப்பு வரை சோறு போடுகிறது. பஸ் பாஸ் இருக்கிறது. விலையில்லா சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில் வரும். ஆனால் தீபாவளிக்குத் திருப்பூரிலிருந்து அண்ணன்மார்கள் புதுச் சட்டையோடு ஊருக்கு வரும்போது, பதினொன்றில் வரப்போகும் சைக்கிளை நினைத்து யாரும் நிற்பதில்லை. பனியன் கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள் என்ற ஒரு வார்த்தை போதும். தீபாவளி விடுமுறை முடிந்த வாரம் வருகைப் பதிவேட்டைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

அப்படிக் காணாமல் போன ஒருவன் மருதம் அணியின் கோ-கோ ஆட்டக்காரன். குள்ளம், ஒல்லி. ஆனால் கம்பத்தைப் பிடித்துச் சுழன்று பாய்ந்தால் எட்டடி தூரத்தில் ஓடுகிறவனும் தப்ப முடியாது. ஜனவரியில் ஆண்டு விளையாட்டு விழா. அவன் இல்லாமல் ஆட முடியாது என்று அணிப் பிள்ளைகள் அவன் வீட்டுக்கே போய் நின்றிருக்கிறார்கள். அவன் அம்மா என்னிடம் வந்து, “என்ன டீச்சர், நாங்க சொன்னா கேக்கலை, இதுங்க வந்து கூப்பிட்டதும் திருப்பூருலேர்ந்து பஸ் ஏறிட்டான்” என்றார். ஒன்பதை முடித்தான், பத்தையும் எழுதினான். எல்லாரும் அப்படித் திரும்பி வந்துவிடவில்லை. திரும்பி வந்தவர்களில் கணக்குப் பாடத்துக்காக வந்தேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

பிள்ளையைப் பள்ளியோடு சேர்த்துக் கட்டும் இந்தக் கயிறுகளைத்தான் நாமே அறுத்துக்கொண்டிருக்கிறோம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். பி.டி. பீரியட் கணக்குக்குப் போகிறது, ஓவிய வகுப்பு ஆங்கிலத்துக்குப் போகிறது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. ஆனாலும் பள்ளி வாசல் பலகையில் தேர்ச்சி விகிதம் அதே பெரிய எழுத்தில்தான் இருக்கிறது. இதைவிடக் கொடுமை, பத்தில் நூறு சதவீதம் காட்டுவதற்காக, தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்திவைப்பதும், “டி.சி. வாங்கிக்கிட்டு வேற எங்கயாவது சேத்துடுங்க” என்று பெற்றோரிடம் சொல்வதும். இதை நான் அநியாயம் என்றே சொல்வேன். அந்தப் பிள்ளை வேறெங்கும் சேர்வதில்லை.

பத்தாம் வகுப்பின் பாடச்சுமையைக் காட்டி, முன்கூட்டியே தொடங்கினால் பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் கேட்டதுண்டு. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டுமே என்ற பதைப்பு அது. ஆனால் அந்தப் பாடம் யாருக்கு நடத்தப்படுகிறதோ அந்தப் பிள்ளை ஜூனில் வகுப்பில் இருக்க வேண்டும் அல்லவா?

கால அட்டவணை போடும் தலைமையாசிரியர்களிடம் கேட்பது இதுதான். விளையாட்டுப் பாடவேளையை ஒன்பதாம் வகுப்பிடமிருந்து யாரும் எடுக்க வேண்டாம். ஆய்வகச் சாவி வாரம் ஒருமுறையாவது அவர்களுக்கும் கிடைக்கட்டும். காலைக் கூட்டத்தில் நன்றாக வாசிக்கிறவரையே திரும்பத் திரும்ப நிறுத்தாமல் எல்லாருக்கும் முறை வரட்டும். தீபாவளிக்கு அடுத்த வாரம் யார் வரவில்லை என்று அன்றன்றைக்கே பாருங்கள். வீட்டுக்குப் போகிற ஆசிரியர், அந்தப் பிள்ளையின் அணியிலிருந்து இருவரைக் கூட அழைத்துப் போகட்டும். டீச்சர் வந்திருக்காங்க என்றால் கொல்லைப்பக்கம் ஓடுகிற பையன், கூட்டாளி குரல் கேட்டால் வாசலுக்கு வந்துவிடுவான்.