குடிக்காதவன்

என் அக்கா பையனுக்கு அப்போது 22 வயது. ஒரு நாள் இரவு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவன், கொல்லைப்புறத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஓடிப் போய்ப் பார்த்தால், வாயெல்லாம் ரத்தம். கொஞ்சநஞ்சமல்ல, ஒரு சொம்பு இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவன் தலை என் மடியில் இருந்தது. அந்த நிலையிலும் குனிந்து, அக்காவின் காதில் விழாதபடி கேட்டேன்: "உண்மையைச் சொல்லடா, குடிக்கிறாயா?"

"இல்லை, மாமா" என்றான்.

நான் நம்பவில்லை.

மறுநாள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக் குழாயில் ரத்த நாளங்கள் புடைத்து, அவற்றில் ஒன்று வெடித்திருந்தது. அதை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். "ஈரல் போய்விட்டதா, டாக்டர்?" என்று கேட்டேன். "ஈரல் நன்றாகவே இருக்கிறது. அதற்குப் போகிற வழிதான் அடைத்துக் கிடக்கிறது" என்றார் அவர்.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் திரும்புகிற ரத்தம் நேரே இருதயத்துக்குப் போவதில்லையாம். 'போர்ட்டல் வெயின்' என்ற பெரிய நாளத்தின் வழியாக முதலில் ஈரலுக்குப் போகிறது. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது. அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தலை வாய்க்கால் தூர்ந்தால் தண்ணீர் சும்மா நிற்குமா? கண்ட கண்ட கன்னிகளில் ஏறி, பலவீனமான கரையை உடைக்கும். இவனுக்கு உடைந்தது உணவுக் குழாயில்.

ஈரல் சுருங்கிக் கெட்டவர்களுக்கு இந்த அடைப்பு வருவது சகஜம். ஆனால் ஈரலில் ஒரு பழுதும் இல்லாதவர்களுக்கும் வருகிறது. பிறந்த குழந்தையின் தொப்புளில் சீழ் பிடிப்பது, குடல்வால் அழற்சி, வயிற்றில் செய்த ஆபரேஷன், ரத்தம் எளிதில் உறைகிற பரம்பரைக் கூறு என்று காரணங்கள் பல. ரத்த அணுக்கள் மிகுதியாக உற்பத்தியாகும் ஒருவகை நோயும் உண்டு. 2005-இல் கண்டுபிடித்த 'ஜாக்-2' மரபணு மாற்றத்தைச் சோதிப்பது அதற்காகத்தான். அடைப்பு புதிதானால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைச் சில மாதங்களாவது கொடுப்பார்கள். இவனுடையதோ பழைய அடைப்பு. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன நாளங்கள் வலை பின்னியிருந்தன.

"குழந்தையில் தொப்புள் புண்ணாகி இருந்ததா?" என்று டாக்டர் கேட்டார். அக்கா பதில் சொல்லாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பத்து நாள் சீழ் வடிந்ததாம். "அதுதான் காரணம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, அம்மா. பலருக்குக் காரணமே தெரிவதில்லை" என்று டாக்டர் தேற்றினார். அவள் தேறவில்லை.

நான் எங்கே தேறுவது? என் நாவல் ஒன்றில் ஒருவன் ரத்த வாந்தி எடுத்துச் சாகிறான். அவனைக் குடிகாரனாகத்தான் படைத்திருந்தேன். வேறு விதமாக எழுதத் தோன்றவே இல்லை. அந்தப் புத்தகத்தை இவன் படித்திருக்கிறான்.

வீடு திரும்பியதும் அவனிடம், "அன்றைக்கு வண்டியில் ஒன்று கேட்டேனே..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு ஞாபகமில்லை, மாமா" என்று சொல்லிவிட்டு மோர் சாதத்தைப் பிசைந்தான்.

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவன் சொன்ன ஒரே பொய் அதுதான்.