சிலமலையில் ஒரு போனஸ் கோடு

"சிலமலையில இப்பல்லாம் யாரு கபடி ஆடுறா? பயலுக பூராம் போனைத் தூக்கிட்டுத் திரியிறாய்ங்க" என்றார் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் நண்பர். கடைசியாக எப்போது சிலமலைக்குப் போனீர்கள் என்று கேட்டேன். நாலு வருஷம் இருக்கும் என்றார். நாலு வருஷத்துக்கு முந்திய சேதியை வைத்து எழுத மனசு வரவில்லை. அன்றைக்கு மதியமே போடி பஸ் நிலையத்தில் தேவாரம் போகிற பஸ்ஸைப் பிடித்தேன்.

2025 நவம்பரில் ஒரு சனிக்கிழமை. காலையில் பெய்த மழை விட்டிருந்தது. டிக்கெட் பத்து ரூபாய். பெண்கள் எல்லோரும் கட்டணமில்லாச் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஊரைத் தாண்டியதும் மேற்கே மலை கூடவே வந்தது, இடுப்பு வரைக்கும் மேகம். ரோட்டின் இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் தென்னையும், நடுநடுவே மாந்தோப்பு. தோட்ட வேலை முடிந்து இறங்கும் ஜீப்புகள் எதிரே வந்தன. ஒவ்வொன்றிலும் பின்படியில் இரண்டு பேர் தொங்கிக்கொண்டு வந்தார்கள்.

சிலமலையில் இறங்கியதும் எதிரிலேயே டீக்கடை. டீ 12 ரூபாய், பருப்பு வடை 8 ரூபாய். பெஞ்சில் நாலு பேர். நான் வடையைக் கையில் எடுப்பதற்குள் பேச்சு எதைப் பற்றி என்று தெரிந்துவிட்டது. ப்ரோ கபடியின் 12-வது சீசன் அக்டோபர் 31-ஆம் தேதிதான் முடிந்திருந்தது. புனேரி பல்டனை 31-28 என்று சாய்த்து தபாங் டெல்லி கோப்பையை எடுத்துப் போனது. தமிழ் தலைவாஸ் முதல் எட்டு இடத்துக்குள்ளேயே வரவில்லை. அந்த ஆற்றாமைதான் பெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய கையைக் கோடி குடுத்து எடுத்துட்டு, அவனை நம்பியே உக்காந்துருக்காய்ங்க" என்றார் ஜீப் ஓட்டுபவர். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவர் கணக்கை விரலில் எண்ணினார். 2022-ல் பவன் செராவத் 2 கோடியே 26 லட்சம். 2024-ல் சச்சின் தன்வார் 2 கோடியே 15 லட்சம். 2025-ல் அர்ஜுன் தேஷ்வால் 1 கோடியே 40 லட்சம்.

"பவனுக்கு மொத மேட்ச்லயே முட்டி போச்சு. அந்த சீசன்லதான நாம செமிஃபைனல் போனோம்? யாரால போனோம்? பேரே தெரியாம வந்த நரேந்தர் பயலால." மாணவர் சொன்னது சரிதான். 2022-ல் அறிமுகமான நரேந்தர் அந்த ஒரே சீசனில் 243 ரைடு புள்ளி எடுத்தார். அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில்தான் தலைவாஸ் தோற்றது. 2017-ல் தொடங்கிய அணி அரையிறுதியைப் பார்த்ததே அப்போதுதான்.

பெஞ்சின் ஓரத்தில் இருந்தவர் போடியில் ஏலக்காய் சலிப்புக்குப் போகிறவர். அதுவரை பேசாமல் இருந்தார். "காயி ஏலமும் ஆளு ஏலமும் ஒண்ணுதாண்ணே. எட்டு எம்எம் காயி மேல சல்லடையிலயே நின்னுரும், அதுக்கு ஒரு விலை. கீழ விழுகுறது நல்ல காயா இருந்தாலும் விலை கம்மிதான். நம்ம பயலுக எந்தச் சல்லடையில விழுகுறாய்ங்கன்னுதான் தெரியல" என்றார்.

அதுதான் நான் கேட்க வந்த கேள்வி. மணத்தி கணேசன் 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது வாங்கினார். அந்தக் கதையின் சாயலில் வந்த 'பைசன்' படத்தை அதற்கு முந்திய மாதம்தான் இவர்கள் பார்த்திருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கி 2016-ல் கோப்பை வாங்கித் தந்ததும் தெரியும். அப்படியிருக்க இந்த ஊர்ப் பையன்கள் ஏன் பெரிய போட்டிகளின் மேட் விரிப்புக்குப் போய்ச் சேரவில்லை? மூன்று பதில் வந்தது. வயதில் மூத்தவர், பயல்களுக்கு உடம்பில் சத்து இல்லை என்றார். ஜீப்காரர், சிபாரிசு இல்லாமல் செலக்‌ஷனில் எடுக்க மாட்டார்கள் என்றார். மாணவர், இங்கே மேட் இல்லை என்றார்.

அவரே இன்னொன்றும் சொன்னார். சென்னையில் நடந்த ஆட்டத்தைப் பார்க்கப் போடி ரயிலில் போயிருக்கிறார். அகலப்பாதையாக்க 2010-ன் கடைசியில் நிறுத்தப்பட்ட ரயில் 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்ப வந்தது. வாரத்தில் மூன்று நாள் சென்னைக்கு நேராகவே போகலாம். "நேர்ல பாத்தா கோர்ட்டு நம்ம களத்தைவிடப் பெருசா இருந்துச்சுண்ணே" என்றார். "லைட்டப் போட்டா எல்லாம் பெருசாத்தான் தெரியும்" என்று மற்றவர்கள் அதை அதோடு விட்டுவிட்டார்கள். எனக்கு அது மனசில் உட்கார்ந்துகொண்டது.

களம் எங்கே என்று கேட்டேன். தண்ணீர்த் தொட்டி தாண்டி வலது கைப்பக்கம் என்றார்கள். எண்ணிக்கொண்டே நடந்தேன், முந்நூற்று இருபது எட்டு. ஒரு பக்கம் சிமெண்ட் மேடை, அதை ஒட்டி வேப்பமரம். எதிர்ப்பக்கம் வாய்க்கால், அதன் கரையில் அஸ்திவாரக் கல் குவித்துக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே ஈரச் செம்மண். பதினான்கு பையன்கள் இருந்தார்கள். இரண்டு பேர் மண்வெட்டியால் தேங்கிய தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவன் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டான். போன்கள் இருந்தது உண்மைதான். ஒரு போனைக் கல்லில் சாய்த்துக் களத்தைப் படம் பிடிக்க வைத்திருந்தார்கள், மற்றதெல்லாம் மேடை மேல் ஒரு துண்டில் மூட்டையாகக் கிடந்தன. ஒவ்வொரு பாட்டு (ரைடு) முடிந்ததும் படத்தை ஓட்டிப் பார்த்து, கால் எங்கே போனது, யார் கையை விட்டது என்று சண்டை போட்டார்கள்.

ஒரு பையனை மட்டும் விடாமல் பார்த்தேன். பத்தொன்பது வயது. வார நாட்களில் போடியில் மூட்டை ஏற்றுகிறவன். ஜீப்பில் இருந்து இறங்கி, பேண்ட்டைக் கழற்றி மேடையில் போட்டுவிட்டு நேராகக் களத்துக்கு வந்தான். நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுப் பாடிப் போனான். எதிரே ஏழு பேர். கண் வலது மூலையில் இருந்தது, கால் இடது பக்கம் நகர்ந்தது. மூலைக்காரன் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்த அந்த நொடியில் இவன் வலது காலை நீட்டி, பெருவிரலைப் போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊன்றி, இடது குதிகாலைத் தரையிலிருந்து தூக்கினான். "போனஸ்!" என்று மேடையில் இருந்த சிறுவர்கள் கத்தினார்கள். ஐந்து பாட்டில் மூன்று தடவை இதையே எடுத்தான். உடம்பில் சத்து இல்லை என்று டீக்கடையில் சொன்னது இவனைப் பார்த்துச் சொன்னதாக இருக்க முடியாது.

"வெளியூர் போனா இவனுக்கு போனஸே குடுக்க மாட்டேங்கிறாய்ங்க சார்" என்றார் பயிற்சி கொடுப்பவர். பையன்கள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மேட் விரிப்பில் நடந்த ஒரு போட்டிக்குப் போனபோது ஆறு தடவை கால் வைத்தும் நடுவர் ஒன்றுகூடக் கொடுக்கவில்லையாம். ஊர் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்பது அவர் முடிவு.

களத்தின் அளவு சரிதானா என்று கேட்டேன். "இருபது வருசமா இதே கோடுதான், அளவெல்லாம் பக்காவா இருக்கும்" என்றார். பக்கத்தில் பாதி எழும்பிய ஒரு வீட்டில் கொத்தனார் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் டேப்பை இரவல் வாங்கி வந்தேன். மாணவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

நீளம் 12 மீட்டர். அகலம் 8 மீட்டர். இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய லாபி என்ற ஓரப்பட்டைக்குக் கோடே இல்லை. நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் 3 மீட்டர், போனஸ் கோடு 4 மீட்டர்.

ஆண்கள் கபடிக்குக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பாடிப் போகிறவன் கட்டாயம் தாண்ட வேண்டிய பாக் லைன் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர், அதற்கு அடுத்த ஒரு மீட்டரில் போனஸ் கோடு. அதாவது 4.75 மீட்டர். இந்தப் பையன் இத்தனை வருஷமாகப் பழகியிருக்கும் கோடு 75 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது.

சற்று முன் எடுத்த போனஸின் தடம் ஈர மண்ணில் அழியாமல் இருந்தது. பெருவிரல் பதிந்த இடத்துக்கு டேப்பை இழுத்தேன். 4.20 மீட்டர். மேட் விரிப்பில் இந்தக் கால் கோட்டுக்கு அரை மீட்டர் இப்பாலேயே விழுந்திருக்கும். அந்த ஆறு போனஸ் கிடைக்காததற்கு இதைவிட நம்பக்கூடிய காரணம் எனக்குத் தெரியவில்லை. மாமா குனிந்து டேப்பை இரண்டு தடவை பார்த்தார். "மேடைக்கும் கல்லுக்கும் நடுவுல இவ்வளவுதான் எடம் இருந்துச்சு. அதுக்குத் தகுந்தாப்புல யாரோ போட்டது. நாங்களும் அதுமேலயே போட்டுட்டு வந்துட்டோம்" என்று மெதுவாகச் சொன்னார்.

குச்சியால் 4.75-ல் ஒரு கோடு கீறினோம். பையன் பாடிப் போனான். முதல் தடவை கால் எட்டவில்லை. இரண்டாவது தடவை எட்டியது, ஆனால் உடம்பு முன்னால் சரிந்துவிட்டது. மூலைக்காரன் கணுக்காலைக் கவ்விக்கொண்டான், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள். மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் அவுட். ஆறாவது தடவை நேராகக் கோட்டுக்குப் போகாமல் கவர் இடத்தில் நின்றவனைப் பார்த்து இரண்டு எட்டு ஓடினான். மூலைக்காரன் பின்வாங்கினான். அந்த இடைவெளியில் கால் உள்ளே போய் வந்தது. தடத்தை அளந்தோம், 4.80. இந்த முறை மேடையில் யாரும் கத்தவில்லை, எல்லோரும் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கியபடி, "இன்னொருக்கா போறேன் மாமா" என்றான்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. எட்டுப் பேர் வரிசையாக நின்று அஸ்திவாரக் கல்லை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கை மாற்றினார்கள். இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு மீட்டருக்கு மேல் இடம் கிடைத்தது. நடுக்கோட்டை அரை மீட்டர் வாய்க்கால் பக்கம் தள்ளிப் போட்டு, பாதிக்கு 6.5 மீட்டர் வருகிற மாதிரி கயிறு பிடித்தார்கள். அகலத்துக்கு மட்டும் வேப்பமரம் இடித்தது. அந்தப் பக்கம் லாபி அரை மீட்டர்தான் வந்தது.

பழைய கோடுகளை அழிக்கக் காலைத் தூக்கிய ஒருவனை நிறுத்தச் சொன்னேன். வாய்க்கால் கரையில் சைக்கிளோடு இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் ரொம்ப நேரமாக நின்றிருந்தார்கள். ஆடுவீர்களா என்று கேட்டேன். ஸ்கூலில் ஆடுவோம், இங்கே அண்ணன்கள்தான் ஆடுவார்கள் என்றாள் ஒருத்தி. எந்த இடம் என்றதும், "லெஃப்ட் கார்னர்" என்று பட்டென்று பதில் வந்தது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவின் பெயரை அவளே சொன்னாள். அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டின் இறுதியாட்டத்தில் இந்தியப் பெண்கள் ஈரானை 75-21 என்று வென்றார்கள். அந்த அணியின் துணைக் கேப்டன் கார்த்திகா. தமிழ்நாடு அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. பெண்கள் கபடிக்கு முறையான களம் 12-க்கு 8 மீட்டர், போனஸ் கோடு 4 மீட்டரில். இருபது வருஷமாக இந்த மண்ணில் சுண்ணாம்பால் போட்டு வந்தது அவர்களுடைய கோட்டைத்தான். ஆனால் அதில் நின்று ஒரு பெண்ணும் ஆடியதில்லை.

இருட்டியபோது பஸ்ஸுக்கு நடந்தேன். டீக்கடைப் பெஞ்சில் அதே நாலு பேர். அளவைச் சொன்னேன். ஜீப்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நடுவரைத் திட்டுனதெல்லாம் சும்மாவா?" என்றார். சிபாரிசு எங்கேயுமே இல்லை என்று நான் சொல்லவில்லை, மேட் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போடி வட்டாரத்தில் பையன்கள் சாயங்காலம் போய்த் திரும்புகிற தூரத்தில் ஒரு மேட் கட்டாயம் வேண்டும். அது வரும்போது வரட்டும். கோடு போட அன்றைக்கு வாங்கிய சுண்ணாம்பு 40 ரூபாய்.

திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் கபடிப் போட்டி நடத்துகிற ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பரிசுத் தொகையை எழுதி போர்டு வைப்பதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துப் போய் உங்கள் களத்தை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 4.75-ல் சுண்ணாம்பால் வெள்ளைக் கோடு போடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு 4 மீட்டரில் செங்கல் பொடியால் சிவப்புக் கோடு போட்டு, அவர்களையும் களத்தில் இறக்குங்கள். சிலமலையில் நான் கிளம்பும்போது இரண்டு கோடும் இருந்தன.