நாம் டயர் வாங்கிய கதை

புதிதாக வண்டி வாங்கியவுடன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போடுவது நம்மவர் வழக்கம். மும்பையில் குடியேறித் தலைமுறைகள் கடந்த பின்னும் இவ்வழக்கத்தை நாம் விட்டோமில்லை. செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் வாசலில் நின்று பார்ப்பவர்க்கு இது நன்கு விளங்கும். வண்டிக்கு மாலை, விளக்குக்குச் சந்தனமும் குங்குமமும், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். வண்டியை உருட்டிப் பழத்தை நசுக்கியவுடன் வரவிருந்த தீங்கெல்லாம் தொலைந்தது என்று மனம் நிம்மதி அடைகிறது. அந்த ஒரு நாள்தான் நாம் குனிந்து டயரைப் பார்க்கிறோம். அதன்பின் பஞ்சரானால் அன்றிப் பார்ப்பதில்லை. அவ்வாறு பாராதிருந்த ஒரு குடும்பத்தின் அனுபவமே இக்கட்டுரை. அக்குடும்பம் நம்முடையதே.

நாம் மாதுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் சாமான் கணக்கு எழுதும் குமாஸ்தா. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. நம் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் கிடங்கில் வேலை பார்த்தவர். அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. டயர் கிழிந்தால் உட்புறம் பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து மேலும் ஆறு மாதம் ஓட்டுவார். அந்தச் சிக்கனத்தால்தான் நாம் படித்தோம். தங்கையின் திருமணமும் நடந்தது. ஆகவே சிக்கனம் என்பது நம் வீட்டில் ஒரு குலதர்மம் போல் ஆகிவிட்டது. ஆனால் சைக்கிளுக்குப் பொருந்திய தர்மம் மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தாது என்பதை நாம் காலந்தாழ்த்தியே அறிந்தோம்.

2017ஆம் ஆண்டில் தம்பி அந்தேரியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டு ரயில் மாறி, கூட்டத்தில் நசுங்கிப் போய்வர இயலாது என்று சொல்லி, யமஹா ஆர்15 என்ற வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினான். பந்தய வண்டியின் சாயலில் முகப்பு மூடிய 150 சிசி வண்டி அது; நம் நாட்டுச் சந்தைக்கு 2008இல் வந்தது. தம்பி வாங்கியது 2010ஆம் ஆண்டு வண்டி. ரயில்வேயில் வேலை பார்க்கும் வீட்டில் பந்தய வண்டியா என்று அக்கம்பக்கத்தார் நகைத்தனர். அம்மா மட்டும், "புள்ள ஆசப்பட்டுட்டான், இருக்கட்டும்" என்று சொல்லி எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார்.

மறு ஆண்டு கோடையில் பின் டயர் தேய்ந்துவிட்டது. புது டயர் ஏறக்குறைய 2,500 ரூபாய் என்றார்கள். மாதக் கடைசி. வீட்டுக் கணக்கு நம் கையில். ஒரு கடையில் பழைய டயர் ஒன்று 900 ரூபாய்க்குக் கிடைத்தது. கன்னங்கரேலென்று பளபளத்தது, பள்ளங்கள் ஆழமாக இருந்தன. தம்பி தயங்கினான். "இதற்கு என்ன குறை? பல் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று சொல்லி நாமே அதை வாங்கி மாட்டச் செய்தோம். 1,600 ரூபாய் மிச்சம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்தோம். கடையின் பெயர் இங்கு வேண்டாம். விற்றவரைவிடக் குற்றம் வாங்கியவருடையதே.

ஜூன் மாதம் முதல் மழை பெய்தது. மும்பையில் முதல் மழையே மிகவும் வழுக்கும் மழை. எட்டு மாதமாகச் சாலையில் சிந்திக் கிடந்த எண்ணெயும் தூசியும் நீரில் கலந்து மேலே மிதக்கும். அடுத்தடுத்த மழைகள் கழுவிய பிறகே சாலை சற்றுப் பிடிகொடுக்கும். அன்று மாலை கிங்ஸ் சர்க்கிள் அருகே, சிமெண்டுக் கற்கள் பதித்த இடத்தில், முன்னால் சென்ற டாக்ஸி நின்றதும் தம்பி பிரேக் பிடித்தான். பின்சக்கரம் பக்கவாட்டில் நழுவியது. வண்டி ஒருபுறம், அவன் ஒருபுறம். பின்னால் வந்த பஸ் நல்ல வேளையாகத் தொலைவில் இருந்தது. மணிக்கட்டில் எலும்பு முறிவு, முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவோடு போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனை அழைத்து வந்தபோது நம் இல்லாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நாளைக்குப் பாப்பாவை யார் பள்ளிக்கூடத்தில் விடுவது?" நம் மகளுக்கு அப்போது ஆறு வயது. நாள்தோறும் காலையில் அவள் அதே வண்டியின் பின்னிருக்கையில் ஏறி, சித்தப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மாதுங்காவில் உள்ள பள்ளிக்குப் போவாள். அன்று மாலை விழுந்த வண்டி அன்று காலையிலேயே விழுந்திருக்கலாம். அந்த 1,600 ரூபாய் எதை அடகு வைத்து மிச்சம் பிடித்தது என்று நினைத்தபோது அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் தாராவி 90 அடி ரோட்டில் வண்டி பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் சக்கரத்தைக் காட்டினோம். அவர் கட்டைவிரல் நகத்தால் டயரை அழுத்தினார், நகம் பதியவில்லை. பக்கச் சுவரைத் துணியால் துடைத்து நான்கு எண்களைக் காட்டினார்: 2211. "இது விலை நம்பர் இல்ல, தம்பி. பிறந்த தேதி. 2011ஆம் வருஷம், இருபத்திரண்டாவது வாரம். ஏழு வயசு ஆச்சு. தேஞ்ச டயர்ல சூட்டுக் கத்தியால பள்ளம் வெட்டி, கறுப்பு மை பூசிக் குடுத்திருக்கான்" என்றார். ரப்பர் காலத்தால் இறுகிவிடும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பற்றாது. மேலும் கத்தியால் வெட்டும்போது உள்ளே இருக்கும் நூல் அடுக்கு வரை வெட்டு நெருங்கிவிடும். லாரி டயர்களுக்கு முறைப்படி புது ரப்பர் ஒட்டி ஓட்டுவது வேறு, இது வேறு.

அண்ணாச்சி பேசப் பேச நமக்கு ஒர்க்ஷாப் நினைவுக்கு வந்தது. அங்கே ரயில் பெட்டியின் சக்கரத்தை எவரும் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்வதில்லை. அளவுகோல் வைத்து அளப்பார்கள். தேய்மானம் எல்லை கடந்தால் கடைசல் இயந்திரத்தில் ஏற்றிச் சீர்படுத்துவார்கள். விட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், எவ்வளவு பளபளத்தாலும் கண்டம் செய்து ஒதுக்குவார்கள். அந்தக் கண்டக் கணக்கை எழுதுவது நம் உத்தியோகத்தில் ஒரு பகுதி. ஆபீஸில் ஒரு நீதி, வீட்டில் ஒரு நீதி என்று நடந்துகொண்டோம் அல்லவா?

கை குணமானதும் தம்பி வேறொரு யோசனையோடு வந்தான். "அண்ணே, இனிமே 130 டயர் போடுவோம். அகலமா இருந்தா வழுக்காது. பார்க்கவும் பெரிய வண்டி மாதிரி இருக்கும்" என்றான். அவன் வண்டிக்குக் கம்பெனியார் விதித்த பின் டயர் 100/80-17. ஆனால் 2011இல் வந்த அதே வண்டியின் இரண்டாம் வடிவத்தில் 130/70-17 ரேடியல் டயர் கொடுத்தார்கள். அதைப் பார்த்தே அவனுக்கு ஆசை.

இதிலும் அண்ணாச்சியே வழிகாட்டினார். அகன்ற டயரைக் கொடுத்தபோது கம்பெனியார் டயரை மட்டுமா மாற்றினார்கள்? ரிம்மை அகலமாக்கினார்கள், சக்கரத்தைத் தாங்கும் பின் கரத்தையும் மாற்றினார்கள். பழைய குறுகிய ரிம்மில் அகன்ற டயரைத் திணித்தால் அதன் இரு விளிம்புகளும் உள்வாங்கி, நடுப்பகுதி கூம்பிப் புடைக்கும். அகலம் கண்ணுக்குத் தெரியுமேயன்றித் தரையில் படியும் பரப்பு அதற்கேற்பக் கூடாது. வளைவில் வண்டி தயங்கித் திரும்பும். செயினிலோ மட்கார்டிலோ டயர் உரசவும் கூடும். தந்தையின் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடும் சிறுவனுக்கு நேர்வதுதான் அவ்வண்டிக்கும் நேரும்.

அன்று நாம் டயரின் பக்கச் சுவரைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். மெட்ரிக் தேறியவனுக்கு அது கடினமான பாடம் அன்று. 100/80-17 52P என்று எழுதியிருந்தால், அகலம் 100 மில்லிமீட்டர். உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம். ரிம்மின் விட்டம் 17 அங்குலம். 52 என்பது எடைக்குரிய குறி. அந்த டயர் 200 கிலோ வரை தாங்கும். P என்பது வேகக் குறி. மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. தாராவியிலிருந்து சயான் போகும் வழியில் மணிக்கு 30 போக இடம் கிடைத்தாலே பாக்கியம் என்பதால் கடைசி எழுத்தைப் பற்றி நாம் கவலைப்படவில்லை. சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி ஒன்றும் உண்டு. மாற்றிப் பூட்டினால் மழைநீரை வெளியே தள்ளும் பள்ளங்கள் தம் வேலையைச் சரிவரச் செய்யா. பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அம்மேடுகளோடு சமமானால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

பின்னர் ரப்பரின் தன்மை. மென்மையான ரப்பர் சாலையை நன்கு பற்றும்; விரைவில் தேயும். கடினமானது நெடுநாள் உழைக்கும். ஈரத்தில் பிடி குறையும். பந்தயக் களத்துக்கென்று செய்த டயர்களில் பள்ளங்கள் குறைவு; காய்ந்த சாலைக்கு அவை உகந்தவை. நமக்கோ ஆண்டில் நான்கு மாதம் மழை. 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய ஊர் இது. ஆகவே உழைப்பில் சற்றுக் குறைந்தாலும் ஈரத்தில் பிடிக்கும் நடுத்தர மென்மையும், நீரை வெளியேற்றும் பள்ளங்களும் உள்ளதையே தேர்ந்தோம். தம்பிக்குப் பந்தய டயரின் மேல் இருந்த மோகம் கிங்ஸ் சர்க்கிள் கற்களை நினைத்ததும் தானே அடங்கியது.

எந்தக் கம்பெனி என்று அன்பர்கள் கேட்கக்கூடும். 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனமே பின்னர் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. நம் பாண்டுப்பில் சியட் தொழிற்சாலை உண்டு. மதுரையருகே வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவும் இருசக்கர வண்டி டயர்கள் செய்கிறது. பெயர் எதுவாயினும் அளவும், தேதியும், ரப்பரின் தன்மையும் பொருந்தினால் போதும் என்பதே நம் துணிபு. டயரின் மூலப்பொருளான ரப்பரோ நமக்கு அந்நியமானதன்று. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே ஊரைவிட்டுப் போன தமிழர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் ரப்பர் விளைகிறது. எத்தனையோ கைகளின் உழைப்பால் வரும் பொருளை நாம் ஒரு முறை குனிந்தும் பாராதிருப்பது முறையோ?

அவ்வாண்டு ஆகஸ்டில் புது டயர் பூட்டினோம். விதித்த அளவு, செய்து நான்கு மாதமே ஆனது. பில்லும் கேட்டு வாங்கினோம். "புது டயருன்னு துள்ளக் கூடாது. வார்ப்புல பூசின வழவழப்பு மேல இருக்கும். முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாப் போ, சாய்ச்சுத் திருப்பாதே" என்று அண்ணாச்சி எச்சரித்தார். வண்டிப் புத்தகத்தில் கண்டபடி, ஒருவர் போனால் ஒரு காற்றளவு, இருவர் போனால் வேறு அளவு என்பதையும் தம்பி அன்றுதான் கவனித்தான். காற்றைக் காலையில், டயர் சூடேறுமுன் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்தது.

அம்மா வழக்கம்போல் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். டயருக்கு மட்டும் பூஜை உண்டா என்று தம்பி சிரித்தான். "விழுந்தது அதனாலதான, ஏல?" என்றார் அம்மா. அவர் குனிந்து பழத்தை வைத்தபோது நாமும் அருகில் குனிந்து, அந்த நான்கு எண்களை மீண்டும் ஒரு முறை படித்துக்கொண்டோம்.

இருசக்கர வண்டி ஒன்று தரையைத் தொடும் இடம் சக்கரத்துக்கு ஒரு கையகலமே. அக்கையகல ரப்பரின் மேல்தான் நம் பிள்ளைகள் வேலைக்கும் பள்ளிக்கும் போய் வருகிறார்கள். ஒரு வாரம் கழித்து மகள் மீண்டும் பின்னிருக்கையில் ஏறினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. சந்து திரும்பும்வரை நாம் வாசலிலேயே நின்றிருந்தோம். அன்று தொட்டு ஞாயிறுதோறும் டயரைக் குனிந்து பார்ப்பது நம் வீட்டு வழக்கம். பழைய நோட்டுப் புத்தகத்தில் "1,600 மிச்சம்" என்று எழுதிய வரியை அடித்துவிட்டோம், ஆனால் கிழித்தெறியவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.