சுவரை இடிக்காமல் ஒரு ஜன்னல்

"உங்க மருமக என்ன வேலை பாக்குறா?" என்று யாராவது கேட்டால், "ஹார்ட் டிஸ்க்கை எல்லாம் பத்திரமா பாத்துக்கிற வேலை" என்பார் என் மாமியார். பதினைந்து வருஷமாக நான் சொல்லிவரும் விளக்கங்களைவிட அது எவ்வளவோ தேவலை.

பெரிய ஆஸ்பத்திரிகளில் உங்கள் ஸ்கேன் படம் டாக்டரின் கம்ப்யூட்டருக்குள் இருப்பதில்லை. குளிரூட்டிய அறையில், பீரோ பீரோவாக அடுக்கிய டிஸ்க்குகளில் இருக்கும். அந்த டிஸ்க்குகளையும் சர்வர்களையும் இணைக்கக் கண்ணாடி இழையில் தனியாக ஒரு நெட்வொர்க் உண்டு. ஈமெயில், வீடியோ எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. அதற்கு ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க், சுருக்கமாக 'சான்' என்று பெயர்.

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு பழைய ஆஸ்பத்திரியை வாங்கியது. அங்கே சேர்ந்திருந்த ஸ்கேன் படங்கள் அத்தனையும் எங்கள் பக்கம் வர வேண்டும். கேன்சருக்கு சிகிச்சை முடித்தவர்கள் வருஷா வருஷம் பரிசோதனைக்கு வருவார்கள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புதுப் படத்தில் தெரியும் புள்ளி புதிதா, பழையதா என்று டாக்டரால் சொல்ல முடியும். ஒரு படம்கூடத் தொலையக் கூடாது.

"இங்கே ஒரு சுவிட்ச், அங்கே ஒரு சுவிட்ச். நடுவுல ஒரு கேபிள். அவ்வளவுதானே?" என்றார் எங்கள் மேனேஜர்.

அவ்வளவு இல்லை. இரண்டு சான்களை நேராகக் கேபிளால் இணைத்தால், அவை ஒரே சானாக மாறப் பார்க்கும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் 'டொமைன்' என்று ஓர் எண் உண்டு, 1 முதல் 239 வரை. ஒரே சானில் இரண்டு சுவிட்சுகளுக்கு ஒரே எண் இருக்க முடியாது. எங்கள் சுவிட்சும் 1, அவர்கள் சுவிட்சும் 1! இணைத்தாலும் ஒன்றை ஒன்று ஏற்காமல் முறைத்துக்கொண்டு நிற்கும். எண்ணை மாற்றலாம்தான். ஆனால், அதன் பின்னால் இருக்கும் சர்வர், டிஸ்க் எல்லாவற்றின் முகவரியும் மாறிவிடும். ஐ.சி.யூ ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அதற்கு யார் நேரம் கொடுப்பார்கள்?

மாற்றி இணைத்துவிட்டாலும் நிம்மதி கிடையாது. ஒரே சான் ஆகிவிட்டால், ஒரு பக்கத்துக் கோளாறு மறுபக்கத்தையும் தொடும். மாடியில் குழந்தை அழுதால் கீழ் வீட்டில் எல்லோரும் எழுந்து உட்காருகிற கூட்டுக் குடும்பம் மாதிரி.

இதற்குத்தான் ரூட்டிங் இருக்கிறது. சிஸ்கோ சுவிட்சுகளில் இதற்கு ஐ.வி.ஆர் என்று பெயர், புரோகேடில் எஃப்.சி ரூட்டிங். நடுவில் ஒரு ரூட்டர் உட்காரும். இரண்டு சான்களும் தனித்தனியாகவே இருக்கும். 1 இங்கேயும் 1, அங்கேயும் 1. அவர்களுடைய ஸ்டோரேஜ் எங்கள் பக்கத்திலேயே இருப்பதுபோல் ரூட்டர் ஒரு பிம்பத்தைக் காட்டும். போகிற வருகிற ஒவ்வொரு பொட்டலத்திலும் முகவரியை மாற்றி எழுதி அனுப்பிவிடும். தனி லைசென்ஸ் வேண்டும் என்றதும் மேனேஜர் முகம் சுருங்கியது. ஒரு வாரம் பேசித்தான் வாங்கினோம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எங்களிடம் இருந்தது புரோகேட். அதில் எந்தக் கருவியும் எந்தக் கருவியும் பேசலாம் என்ற பட்டியலை இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுத வேண்டும். இரண்டிலும் இருக்கிற கருவிகள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நான் மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது. கம்பெனியையே வாங்கியவர்களாக இருந்தாலும்தான்.

அந்தப் பக்கம் எழுத வேண்டியவர், ஓய்வுபெற ஒன்றரை வருஷம் பாக்கியிருந்த ஒரு சார். எங்கள் ஆட்கள் வந்தாலே வாசலில் நின்று பேசி அனுப்பிவிடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் போனபோது உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ நான் அழிச்சா உங்களுக்குத் தெரியாமப் போயிடும், இல்லையாம்மா?" என்றார்.

"ஆமா சார். உடனே."

"என் சுவிட்ச் நம்பர் மாறாது?"

"மாறாது சார்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்கிட்ட ரெண்டு பசங்க வேலை பாக்குறாங்க. அவங்க பேரு எந்த லிஸ்ட்ல இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஆரம்பித்தோம். எங்கள் சர்வருக்கு இரண்டு எண், அவர் ஸ்டோரேஜுக்கு இரண்டு எண். ஒவ்வொன்றும் பதினாறு இலக்கம்; நடுவில் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் வரும். போனில் அவர் வாசிக்க வாசிக்க நான் சரிபார்த்தேன். "பி... பாம்பே பி. டி... டெல்லி டி." அவர் என்டர் தட்டிய சில விநாடிகளில் அவருடைய ஸ்டோரேஜ் என் திரையில் வந்து நின்றது. ஐ.சி.யூ பக்கம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பகலில் நோயாளிகள் கூட்டம் என்பதால் இரவில் மட்டும் பிரதி எடுத்தோம். பத்தொன்பது இரவுகள் ஆயின. முடிந்த காலையில் அவர் தன் பட்டியலை அழித்தார். கேபிள் அப்படியே இருந்தது, விளக்கு பச்சையாகவே எரிந்தது. ஆனால், என் திரையில் அந்த ஸ்டோரேஜ் இல்லை.

இரண்டு பசங்களில் ஒருவன் எங்கள் டீமுக்கு வந்தான். இன்னொருவன் காத்திருக்காமல் பெங்களூரு போய்விட்டான்.

பழைய ஸ்டோரேஜை உடனே அணைத்துவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து மெயில் வந்தது. சார் மூன்று மாதம் அணைக்கவில்லை. கரன்ட் செலவு என்று ஒருவர் கோபித்துக்கொண்டபோது, "ஒரு படம் திறக்கலைன்னா யாருகிட்ட போய் கேப்பீங்க?" என்றாராம். அந்த மூன்று மாதத்தில் எங்கள் பக்கம் திறக்காத படங்கள் இரண்டு வந்தன. இரண்டு தடவையும் போன் செய்தேன். இரண்டு தடவையும் அவர் பட்டியலை மறுபடி எழுதினார். நான் எடுத்துக்கொண்டதும் அழித்தார். இரண்டாவது படம், மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்து ஆறு வருஷம் ஆன ஓர் அம்மாவுடையது. அந்தப் புள்ளி பழையதுதான்.