மகாலின் முக்கால் பங்கு

திருமலை நாயக்கர் மகாலுக்கு வருகிறவர்கள் சொர்க்கவிலாசத்தின் தூண்களை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒலி ஒளிக் காட்சிக்கு நேரம் கேட்டுவிட்டுக் கோயில் பக்கம் போய்விடுகிறார்கள். 1636-இல் எழுந்த அந்த அரண்மனையில் இன்று நிற்பது ஏறக்குறைய கால் பங்குதான். மீதி என்ன ஆயிற்று என்று தேடிப் போகிறவருக்கே மதுரை முழுதாகப் பிடிபடும் என்பது என் வாதம். இந்த ஊரின் வரலாறு கட்டியதில் இருக்கும் அளவுக்குப் பெயர்த்ததிலும் இடம் மாற்றியதிலும் இருக்கிறது. தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோன சொக்கநாத நாயக்கர் அரண்மனையின் பெரும்பகுதியைப் பிரித்து அங்கே அனுப்பினார். சிதைந்து கிடந்த மிச்சத்தைச் செப்பனிட வைத்தவர் 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு. பிரிபடாமல் தப்பிய இன்னொரு துண்டு வெளியே, விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடைச் சந்துக்குள் நிற்கிறது. அரண்மனையின் மற்றொரு பகுதியான ரங்கவிலாசத்தைச் சேர்ந்த பத்துத்தூண் அது. ஒரே நாள் கையில் இருப்பவர் நெரிசலில் புகுந்து கூரையில்லாத பத்துத் தூணைப் பார்த்து என்ன பயன் என்று கேட்கலாம். மகாலின் முற்றத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் பழைய அரண்மனையின் பரப்பு தெரியாது. அங்கிருந்து பத்துத்தூண் வரை நடந்தால்தான் தெரியும். இடையில் உள்ள வீடும் கடையும் தெருவும் அரண்மனை இருந்த மண்மேல் நிற்பவை.

மதுரைக் கோட்டைக்கும் இதே கதி. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். இடித்துத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலம் என்று அறிவித்ததால் ஊர்க்காரர்கள் கையாலேயே வேலை நடந்தது. அவர் நினைவாக எழுந்ததுதான் விளக்குத்தூண். வேலையை நடத்தியவர்களின் பெயர்கள் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இருக்கின்றன. ஒரு கோட்டையை அழித்ததைப் போற்றுவதா என்ற கேள்வி நியாயமானது. இழப்பு இழப்புத்தான். பெரியார் பேருந்து நிலையம் அருகே எஞ்சியிருக்கும் கொத்தளத்தைப் பார்த்தால் எதை இழந்தோம் என்பது உறைக்கும். ஆனால் அந்த மதில் நின்றிருந்தால் இன்றைய வெளிவீதிகள் இல்லை, ஊர் மூச்சுவிட இடமும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை.

இடம் மாறியது கட்டடம் மட்டுமல்ல, விழாவும்தான். திண்டுக்கல் சாலையில் வருகிறவர்கள் நகருக்குள் நுழையும் முன்பே, சமயநல்லூரை அடுத்த தேனூரில் அந்தத் தேடலைத் தொடங்கலாம். அழகர் முன்பு வைகையில் இறங்கியது அங்கேதான் என்றும், திருமலை நாயக்கரே அதை மதுரைக்கு மாற்றி மீனாட்சி கல்யாணத்தோடு சித்திரையில் சேர்த்தார் என்றும் சொல்வார்கள். செவிவழிச் செய்திதானே என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. அழகர் மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தரும் வண்டியூர் மண்டபம் இன்றும் தேனூர் மண்டபம்தான். தேனூரிலும் சித்திரையில் பெருமாள் ஆற்றில் இறங்குகிறார். விழா இடம் மாறிய பிறகும் ஊர் தன் உரிமையை விட்டுவிடவில்லை.